நாலாவது துண்டு

தணிகாசலத்தின் அப்பாவுடைய பழைய இதய ஸ்கேனைப் பார்க்காமல் கத்தி வைக்க மாட்டேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போதெல்லாம் ஆஸ்பத்திரி ஃபைல்களைத் துண்டு துண்டாக்கி, வீட்டுக்கு வீடு கரண்டில் ஓடும் கம்ப்யூட்டர் சேமிப்புப் பெட்டிகளில்தான் வைக்கிறார்கள்; இந்த ஸ்கேனும் ஆறு துண்டுகளாக, யார் யாரோ ஆறு பேர் வீட்டுப் பெட்டிகளில் இருந்தது. நாலு துண்டு கிடைத்தால் திறந்துவிடும். கிடைத்தது மூன்று. மற்ற மூன்று வீட்டுக்காரர்களும் பொங்கலுக்கு மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு ஊருக்குப் போயிருந்தார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தபடி தணிகாசலம் மூன்று வீட்டுக்கும் மாறி மாறி போன் போட்டான். ஒருவர்தான் எடுத்தார். திண்டிவனம் தாண்டிவிட்டாராம்.

"வீட்டைப் பூட்டினா மெயினையும் ஆஃப் பண்ணித்தான் ஆகணுமா சார்? உள்ள அடுத்தவன் உசுரு இருக்குன்னு தெரியாதா?" என்று கத்தினான்.

"பழக்க தோஷம் தம்பி. கீழ் வீட்டுல சாவி இருக்கு. இதோ போடச் சொல்றேன்."

வைத்ததும் போன் மறுபடி அடித்தது. தெரியாத எண். ஒரு பெண் அழுதுகொண்டே பேசினாள்.

"அண்ணா, என் குழந்தையோட ரிப்போர்ட்ல ஒரு துண்டு உங்க வீட்டுப் பெட்டில இருக்காம். ஐசியூல கேக்குறாங்க. உங்க வீட்ல கரண்ட் இல்லையா?"

காலையில் அப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடிய அந்த அவசரத்திலும், கதவைப் பூட்டுமுன் தன் கை தானாக மெயினுக்குப் போனது அவனுக்கு நினைவு வந்தது. சாவி அவன் சட்டைப் பையில் இருந்தது.