எலி கடித்த வயர்

"அண்ணே, வயரை யாரோ நோண்டியிருக்காகன்னு மட்டும் சொல்லுங்க, போதும். மத்ததை நான் வீட்ல போய்ப் பேசிக்கிறேன்."

உத்தமபாளையம் பைபாஸில் ஜெய்லானியின் ஒர்க்‌ஷாப் முன்னால் வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் பவானி டீச்சர் சொன்ன முதல் பேச்சு இதுதான்.

"யாரோன்னா, யாரு டீச்சர்?"

"எங்க அத்தைதான். வேற யாரு?"

கணக்கு டீச்சர் ஆச்சே, ஆதாரம் இல்லாமல் பேசுவாளா? மாமியார் முருகம்மாளுக்கு இந்த டூரிங் பைக் சின்னமனூர் வீட்டுக்குள் வந்த நாளிலிருந்தே ஆகாது. லீவு விட்டதும் பவானி பெட்டியை வண்டியில் கட்டுவாள். அந்த நேரம் பார்த்து அடுப்படியில் பாத்திரம் உருளும். இதுநாள்வரை "போய்ட்டு வா" என்று ஒரு வார்த்தை கிடையாது.

போன வாரம் மூணாறு போகும்போது, போடிமெட்டு ஏத்தத்தில், ஒரு வலது வளைவில் வண்டி திடீரென்று சோர்ந்துவிட்டது. ஆக்சிலேட்டரை முறுக்க முறுக்க நொண்டி மாடு மாதிரி ஊர்ந்தது. பின்னால் ஏலத்தோட்டத்து ஜீப் வேறு. பவானிக்கு உயிர் போய் உயிர் வந்தது.

ஊர் திரும்பினால் பக்கத்து வீட்டு நாகஜோதி காத்திருந்தாள். நல்லது செய்கிற மாதிரியே வத்தி வைப்பதில் அவளை அடிச்சுக்க ஆள் கிடையாது.

"நீ கிளம்புன அன்னைக்கு விடியக்காலம் உங்க அத்தை ஹேண்டிலுக்குள்ள கையை விட்டு என்னமோ பண்ணிக்கிட்டு இருந்தாகளே, உனக்குத் தெரியாதா?"

இதைவிட வேறென்ன வேண்டும்?

"சனிக்கிழமை லடாக் போறோம்ணே. லேடீஸ் டீம், ஏழு பேரு. ஒன்றரை வருசத் திட்டம். அதைக் கெடுக்கத்தான் இந்த வேலை. அவுகதான்னு மட்டும் தெரியட்டும், தனிக்குடித்தனம்தான். முடிவே பண்ணிட்டேன்."

ஜெய்லானி லேப்டாப்பைக் கொண்டுவந்து வண்டியில் மாட்டினார்.

"இதுல ஆக்சிலேட்டர் கேபிள் கிடையாது டீச்சர். கைப்பிடியில இருக்கிற சென்சார், நீங்க எம்புட்டு முறுக்குறீகன்னு ரெண்டு வயர்ல சொல்லி அனுப்பும். ரெண்டு சாட்சியும் ஒரே மாதிரி சொன்னாத்தான் கம்ப்யூட்டர் நம்பும். ஒண்ணு மாத்திச் சொன்னாலும், எதுக்கு வம்புன்னு வேகத்தைக் குறைச்சிரும்."

ஹேண்டிலை நேராக வைத்தார், ஒன்றுமில்லை. இடது பக்கம் ஒடித்தார், ஒன்றுமில்லை. வலது பக்கம் முழுசாக ஒடித்ததும் மஞ்சள் விளக்கு எரிந்தது.

"வயர் எங்கனயோ நசுங்கியிருக்கு."

முன்பக்க மூடியைக் கழற்றி, டார்ச் அடித்துக் குனிந்தவர் குனிந்தபடியே நின்றார். பிறகு மெல்ல நகர்ந்து, பவானிக்கு மறைப்பாக நின்றுகொண்டு எதையோ அறுத்தார். கை பாக்கெட்டுக்குப் போனது.

"எலி கடிச்சிருக்கு டீச்சர்."

"எலியா?"

"ஆமா. இங்கன பெரிய தொல்லை. ஒரு மணி நேரத்துல முடிச்சிரலாம்."

"எங்க அத்தை உங்களுக்குப் போன் பண்ணுனாகளா?"

"அல்லாவே! அவுக முகத்தைக்கூட நான் பாத்ததில்ல."

"அப்ப பாக்கெட்டுல என்ன?"

பாவம், ஜெய்லானிக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. திருதிருவென்று முழித்தார். பரீட்சையில் பிட்டு வைத்திருக்கிற எத்தனை பையன்களை இந்த டீச்சர் பார்த்திருப்பாள்!

"எடுங்கண்ணே வெளிய."

வந்தது கறுப்புக் கயிறு. ஒன்றல்ல, ஒரு கொத்து.

"குச்சனூர் கோயில் காப்புக் கயிறு டீச்சர். நம்ம பக்கம் பாதி வண்டியில இருக்கும். ஆனா ஒண்ணுதான் இருக்கும். இதுல ஒண்ணு மேல ஒண்ணா இறுக்கிக் கட்டி, உள்ள வயரே நசுங்கிப் போச்சு. கறுப்பு வயருங்கறதால உங்க கண்ணுக்குத் தெரியல."

பவானி ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணினாள். சிலது நாள்பட்டு நைந்திருந்தது. கடைசி ஒன்று புத்தம் புதுசு.

பதினொன்று.

கொடைக்கானல், வால்பாறை, தனுஷ்கோடி, கோவா என்று விரல் மடக்கினாள். மூணாறோடு பதினொரு பயணம். பாத்திரம் உருண்டதும் பதினொரு தடவை.

"கோவத்துல வந்தீக. இதைக் காட்டுனா, கெடுத்தது அவுகதான்னு உறுதியாயிருமேன்னுதான்..." ஜெய்லானி இழுத்தார்.

"உறுதிதாண்ணே. அவுகதான் கெடுத்தாக," என்று சிரித்தாள் பவானி. கண்ணில் தண்ணீர் முட்டியது. தனிக்குடித்தனம் என்று சொன்ன வாயை நினைத்தால் அவளுக்கே வெட்கமாக இருந்தது.

வீட்டில் முருகம்மாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"சரியாச்சா அந்தப் பேய் வண்டி?"

"ஆச்சு அத்தை. வயரை எலி கடிச்சிருச்சாம்."

"எலியா?"

"ஆமா. ஹேண்டில்ல எதைக் கட்டுனாலும் எலி வந்துருதாம். மெக்கானிக் சொன்னாரு." பக்கத்தில் உட்கார்ந்து இடது கையை நீட்டினாள். "கையில கட்டுனா வராதாம்."

கீரை உருவிய கை நின்றது. முருகம்மாள் அந்த மணிக்கட்டைப் பார்த்தாள்.

"அந்த மெக்கானிக் விவரமான ஆளுதான் ஆத்தா," என்று முனகிக்கொண்டே முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

பன்னிரண்டாவது கயிறு அதில் ஏற்கெனவே இருந்தது.