சுவரில் விழுந்த பாட்டு

காரில் போட்ட பாட்டின் மேளம் அதிரும்போதெல்லாம் இருட்டான ஷெட்டுக்குள் அதன் ஹெட்லைட் மங்கி மங்கி எரிந்தது. “ஒயர் மெலிசு. லைட்டுக்கும் பாட்டு ஆம்ப்ளிஃபயருக்கும் சேத்து கரண்ட் பத்தல,” என்ற எலக்ட்ரீஷியன் மரியசெல்வம், பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த ஒயரை இழுத்து மாட்டினார். பாட்டு இன்னும் கணீரென்று எழுந்தது; எதிர்ச் சுவரில் வெளிச்சம் அசையாமல் நின்றது. அதுவரை அந்தச் சுவரைப் பார்த்து விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்த கார்க்காரர் நிஜாமின் மனைவி, கணவரிடம் சைகையில் ஏதோ கேட்டாள். “பாட்ட ஏன் நிறுத்திட்டீங்கன்னு கேக்குறா. அவளுக்குக் காது கேக்காது,” என்றார் நிஜாம். சொல்லும்போது அவருக்கே வியப்பாக இருந்தது. மரியசெல்வம் பழைய ஒயரையே திரும்ப மாட்டினார்; சுவரில் வெளிச்சம் மறுபடி மேளத்துக்கு மங்கி மங்கி எரிந்தது. பிறகு இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு, அவளுக்குப் பக்கத்தில் போய்ச் சுவரைப் பார்த்து நின்றார்.