சிவப்பு எரியாத கண்

விழித்திரையைப் படம் பிடிக்கும் கருவியோடு வீட்டுக்காரர் பரந்தாமன் திலகவதியின் எதிரே உட்கார்ந்தார். அம்பத்தூரில் இப்போது இது இல்லாமல் யாரும் வீட்டை வாடகைக்கு விடுவதில்லை. கண்ணுக்குள் ஒளியைப் பாய்ச்சி, ஆள் இன்னும் ஒரு வருடம் தாங்குமா என்று அது சொல்லிவிடும். சாவு விழுந்த வீட்டுக்கு யார் குடிவருவார்கள்? கீழ்வீட்டு டேவிட்டுக்குப் போன தை மாதம் சிவப்பு விளக்கு எரிந்தது. அந்த வாரமே காலி செய்ய வைத்தார்கள். ஏதோ ஒரு லாட்ஜில்தான் அவர் உயிர் போனது.

திலகவதியின் கண்ணில் ஒளி பட்டது. திரையில் வெறும் மூட்டம். சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை. சிவப்பு எரியாமல் யாரையும் காலி செய்யச் சொல்லச் சட்டத்தில் இடமில்லை.

"ரெண்டு கண்ணுலயும் புரை முத்திப்போச்சும்மா. மிஷினுக்கு உள்ள ஒண்ணும் தெரியல. போன வருஷமே ஆபரேஷன் பண்ணச் சொன்னேனே."

"பண்ணல சார்."

"செலவ நானே பாத்துக்கறேன். நாளைக்கே போயிடலாம்."

அரை மணி நேர வேலை என்றுதான் டாக்டரும் சொல்லியிருந்தார். அடுப்பைக்கூட அவள் இப்போது தடவித்தான் பற்றவைக்கிறாள். மகன் அனுப்பும் படங்களில் பேத்தியின் முகம் தெரிந்து மாதக்கணக்காகிறது. ஆசை இல்லாமல் இல்லை.

திலகவதி எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டே போய், வாசல் கதவை அகலத் திறந்து பிடித்தாள்.

"இந்த வீட்லதான் சார் சாவேன். என்னிக்குன்னு மட்டும் உங்களுக்குத் தெரியாது."