பெல்ட்டில் போன பல்

முதலாளியின் முன்பல் ஒன்று பார்சலோடு பார்சலாகக் கன்வேயர் பெல்ட்டில் போய்க்கொண்டிருந்தது. பல்லுக்குச் சொந்தக்காரர் குடோன் தரையில் உட்கார்ந்து, வாயிலிருந்து ரத்தம் ஒழுக, "பிடிங்கடா அவனை!" என்று கத்தினார்.

அவன் எங்கே ஓடினான், பிடிப்பதற்கு? ஊர்வாரியாகப் பார்சல் பிரிப்பதில் அவன் வேகத்துக்கு ஆளே கிடையாது என்பதால் எல்லோரும் மின்னல் என்று கூப்பிடுவார்கள். அந்த மின்னல் இப்போது பேயறைந்தவன் மாதிரி முதலாளிக்குப் பக்கத்தில் நின்றான். சூப்பர்வைசர் பாய்ந்து வந்து அவன் கன்னத்தில் ஒன்று விட்டார்.

"ஐயோ, நான் அடிக்கலை சார்! மெஷின்தான் அடிச்சுது!"

அது என்னவோ உண்மைதான். பார்சல் பிரிக்கிற இயந்திரக் கை அன்றைக்குத்தான் முதன்முதலாக வேலைக்கு வந்திருந்தது. போட்டோவுக்காக முதலாளி ஆசை ஆசையாக ஒரு பெட்டியைத் தூக்கினார். அது நழுவிக் கீழே விழுந்தது. அவ்வளவுதான், இரும்புக் கை சுழன்று வந்து அவர் வாயில் இறங்கியது.

"மெஷினுக்கு என்னடா தெரியும்?" சூப்பர்வைசர் மின்னலின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். "உன் மேசைக்கு மேல கேமரா மாட்டி, உன்னைப் பார்த்துத்தானே அது வேலை கத்துக்கிச்சு? வேலை போகப்போற வயித்தெரிச்சல்ல அடிக்கவும் கத்துக்குடுத்திருக்கே! சார், மாசக்கணக்கா நான் இவன் பக்கத்தை விட்டு நகரவே இல்ல சார். எனக்கே தண்ணி காட்டிட்டான்!"

முதலாளி உதட்டைத் துடைத்தார். கையில் ஒட்டிய ரத்தத்தைப் பார்த்ததும் அவருக்கு வெறியே பிடித்துவிட்டது.

"அடிக்கக் கத்துக்குடுத்த கை இனிமே ஒரு பெட்டியைத் தூக்கக் கூடாது. உடைங்கடா!"

செக்யூரிட்டி மின்னலின் வலது கையை மேசைமேல் வைத்து அழுத்திக்கொண்டு இரும்புக் குழாயை எடுத்தார். பேக்கிங் பக்கமிருந்து மின்னலின் மனைவி அலறிக்கொண்டு ஓடி வந்தாள்.

"அண்ணா, வேண்டாண்ணா! இந்தக் கைதாண்ணா எங்க வீட்டுக்குச் சோறு போடுது. நாங்க ரெண்டு பேரும் வேலையை விட்டே போயிடறோம். கையை மட்டும் விட்டுடுங்கண்ணா!"

செக்யூரிட்டிக்கு மனசே இல்லை. ஆனாலும் குழாய் மேலே போனது.

"கொஞ்சம் நிறுத்துங்க!" இயந்திரத்தைப் பழக்கிய இன்ஜினியர் பெண் லேப்டாப்போடு குறுக்கே வந்தாள். "அது பார்த்துப் பழகின வீடியோ எல்லாம் இதுல இருக்கு. அந்த மேசைகிட்ட யார் என்ன செஞ்சாங்களோ, அதைத்தான் அது திருப்பிச் செய்யும். சொந்தமா கோபப்படத் தெரியாது. இதைப் பார்த்துட்டு அப்புறமா எதை வேணும்னாலும் உடைங்க."

"போடுங்க மேடம், நல்லாப் போடுங்க!" சூப்பர்வைசருக்கு ஏக குஷி. பேச்சோடு பேச்சாக மின்னலின் பிடரியில் இன்னொன்று போட்டார். "இவன் வண்டவாளம் தண்டவாளம் ஏறட்டும்!"

முதலாளி லேப்டாப்பைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டார். மின்னல் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

லேப்டாப்பில் பெட்டி விழும் சத்தம் கேட்டது. உடனே பளார் என்று இன்னொரு சத்தம். முதலாளி அடுத்த வீடியோவைத் தட்டினார். மறுபடியும் பெட்டி விழுந்தது, மறுபடியும் பளார். "ஐயோ, தெரியாம விழுந்துடுச்சு சார்" என்று மின்னலின் குரல் அழுதது.

இன்னும் இரண்டு மூன்றைப் பார்த்துவிட்டு முதலாளி லேப்டாப்பை மூடினார். பல் போன இடத்தை நாக்கால் ஒருமுறை துழாவிக்கொண்டு செக்யூரிட்டியைப் பார்த்தார்.

"அவனை விடு. சூப்பர்வைசர் கையை எடுத்து மேசைமேல வை!"