கார் கூரையில் ஒரு சைக்கிள்

மூன்று வாரப் பந்தயத்தில் அன்று மலையேறும் நாள். வீரனின் பின்னாலேயே ஊர்ந்த அணிக் காரின் கூரையில் மாற்று சைக்கிள் ஒன்று நின்றிருந்தது. பந்தயம் தொடங்கியதிலிருந்து அதன் டயரில் தரை பட்டதே இல்லை. வீரன் ஓட்டும் சைக்கிள் பஞ்சரானால்தான் அதை இறக்குவார்கள்.

“வெடிச்சிருச்சா அண்ணே?” என்று வளைவுக்கு வளைவு கேட்டது மாற்று சைக்கிள்.

“ஆடாம இருடா, காரே குலுங்குது,” என்றது பக்கத்தில் இருந்த உதிரிச் சக்கரம். “அவன் விழணும்னு வேண்டிக்கிறியா?”

“விழ வேண்டாம்ணே. ஒரு சின்ன ஆணி போதும்.”

உச்சி நெருங்கும்போது டயர் பஞ்சராகி வீரன் கையைத் தூக்கினான். மெக்கானிக் ஓடிவந்து மாற்று சைக்கிளில் அவனை ஏற்றி, முதுகில் கைவைத்துத் தள்ளிவிட்டார். பஞ்சரான சைக்கிளுக்கு உதிரிச் சக்கரத்தை மாட்டி, அதைக் கூரையில் ஏற்றினார்.

ஆசைப்பட்ட தரை கிடைத்துவிட்டது. ஆனால் ஒவ்வொரு கல்லுக்கும் மாற்று சைக்கிளின் உடம்பு கூசியது. சாலையில் மின்னியதெல்லாம் ஆணியாகவே தெரிந்தது.

கார் மறுபடி பின்னால் வந்து சேர்ந்தது. அதன் கூரையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

“வெடிச்சிருச்சா அண்ணே?”