அறுபதாம் கல்யாண மாப்பிள்ளை

"உங்ககூட மணையில உட்கார்ந்தா என்னை உங்க அம்மான்னுதான் சொல்லுவாங்க!"

எதிர்வீட்டு தர்ஷினியின் குரல் லிஃப்ட் வரை கேட்டது. காற்றுக்காகத்தான் என் கதவைத் திறந்து வைத்திருந்தேன்.

மூப்பை உண்டாக்கும் நொதியை மூடிவிடும் மாத்திரையைக் கண்டுபிடித்ததே அவள் கணவர் கவியரசன்தான். முதல் மாத்திரையை அவரே விழுங்கினார். அறுபது வயதிலும் முகத்துக்கு முப்பதுதான். தர்ஷினிக்கு அரை மாத்திரை கொடுத்ததற்கே, அது இதயத்தைச் சீராகத் துடிக்கவைக்கும் அயனி வாயில்களையும் சேர்த்து அடைத்து, துடிப்பு தாறுமாறாகிவிட்டது.

"அந்த எழவை நிறுத்துங்களேன். என்னோட சேர்ந்து கிழவனாகுங்க."

"நிறுத்தி ஆறு வருஷம் ஆச்சு, தர்ஷு. மூடின நொதி திறக்கவே மாட்டேங்குது."

நிரந்தரமாக மூடும் என்று சொல்லித்தான் மனிதர் விருது வாங்கினார்.

அறுபதாம் கல்யாணம் என்னவோ ஆரம்பித்தது. நான் முன்வரிசையில் இடம் பிடித்திருந்தேன். அவசரத்துக்கு வந்த மாற்று ஐயர் எதையும் விசாரிக்காமல், "மாப்பிள்ளையோட அம்மா எழுந்துக்கோங்கோ, பொண்ணை வரச் சொல்லுங்கோ" என்றார்.

தர்ஷினி எழுந்தாள். மறுபடி உட்காரவில்லை.

அடுத்த மாதமே இருவரும் தென்காசிக்குக் குடிபோனார்கள். அங்கே யாருக்கும் அவர்களைத் தெரியாது. ஆனால் என்னைப் போல ஒருத்தி எந்தத் தெருவிலும் இருப்பாளே! "உங்க பையனுக்கு வரன் பார்க்கலையா?" என்று கேட்டிருக்கிறாள்.

"பார்த்துக்கிட்டுதான் இருக்கேன். எனக்கப்புறம் அவனுக்கு யாரு?" என்றாளாம் தர்ஷினி.

கவியரசன் எவ்வளவோ மறுத்தாராம். தை மாதம் கல்யாணம். எனக்கு அழைப்பில்லை, போனேன். மாப்பிள்ளையின் அம்மா இடத்தில் தர்ஷினி உட்கார்ந்திருந்தாள்.