மறுபடியும் சிவப்பு

"மறுபடியும் சிவப்பா?" என்று வாத்தியார் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

கண்ணாடிக் கடை மாடியில் ஞாயிறு மத்தியானம் கூடுகிற சங்கம் அது. ஒருவர் சங்கேத எழுத்தில் புதிர் போட்டுக்கொண்டு வருவார். மற்றவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டு அதை உடைப்பார்கள். கடைக்காரர், வக்கீல், தையல்கார அக்கா, புதிதாகச் சேர்ந்த புள்ளியியல் வாத்தியார் என்று நாலே பேர்.

ஐந்தாவது ஆள் தபால் அண்ணன். சங்கத்தை ஆரம்பித்ததே அவர்தான். கோழிக் கிறுக்கல் முகவரிகளையெல்லாம் படித்துப் பழகியவர். எப்பேர்ப்பட்ட புதிரும் அவரிடம் நிற்காது. இப்போது பக்கவாதம் வந்து படுக்கையில் கிடக்கிறார். பேச்சு இல்லை, கண் சிமிட்டல் மட்டும்தான்.

கூட்டம் முடிந்ததும் ஒருவர் அவர் வீட்டுக்குப் போய், சாயங்காலம்வரை பக்கத்தில் உட்கார்ந்து, அந்த வாரப் புதிரைச் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில்தான் அவர் மனைவி கொஞ்சம் வெளியே போய்வர முடியும். யார் போவதென்று குலுக்கல் போடுவார்கள். ஆளுக்கொரு நிறத்தில் பொத்தான். கடைக்காரர் துணிப்பையைக் குலுக்கி ஒன்றை எடுப்பார்.

அக்காவின் நிறம் சிவப்பு. வாத்தியார் சேர்ந்த நாளிலிருந்து வேறு நிறம் வந்து அவர் பார்த்ததே இல்லை.

"சார், இன்னிக்கு உங்க புதிரை நான் எப்படி உடைச்சேன் தெரியுமா?" என்று வாத்தியார் கடைக்காரரைக் கேட்டார்.

"எப்படி?"

"எழுத்தை மாத்தற சாவி எண்களை எல்லாம் மனசுக்குத் தோணினபடி எழுதினேன்னு சொன்னீங்க. ஆனா ஒரே எண் அடுத்தடுத்து வரவே இல்ல. மனுஷன் அப்படித்தான். வந்ததே வந்தா ரேண்டம் போயிடுமோன்னு பயப்படுவான். அதை வெச்சே பிடிச்சேன்."

"சரி, அதுக்கும் இதுக்கும் என்ன?"

"இங்க தலைகீழா இருக்கு. வந்ததே வருது! பகடையில ஆறு ரெண்டு தடவை விழும், ஒத்துக்கறேன். வாராவாரமா விழும்? பை இருக்கிறது உங்க மேஜை டிராயர்ல. எடுக்கிறது உங்க கை."

கடைக்காரருக்கு முகம் கறுத்துவிட்டது. "வாத்தியாரே, வார்த்தையை அளந்து பேசுங்க."

"விடுங்க தம்பி," என்றார் அக்கா. "நானே போயிட்டு வர்றேன். எனக்கென்ன."

"இல்லக்கா. ஒண்டி ஆளா தையல் கடையைப் பாத்துக்கிறீங்க. ஒரு ஞாயித்துக்கிழமையாவது காலை நீட்டி உக்காந்திருக்கீங்களா? நீங்க வாயில்லாப் பூச்சின்னு உங்க தலையில மிளகாய் அரைக்கிறாங்க."

சொன்ன வேகத்தில் பையைப் பிடுங்கி மேஜைமேல் கவிழ்த்தார்.

பொத்தான்கள் உருண்டன. எல்லாமே சிவப்பு.

வக்கீல் கடைக்காரரைப் பார்த்தார். கடைக்காரர் பொத்தான்களைப் பார்த்தார். "சத்தியமா எனக்குத் தெரியாதுங்க" என்றார்.

"அவருக்கு ஒண்ணும் தெரியாது," என்றார் அக்கா. "பையைத் தைச்சதும் நான்தான், பொத்தானை மாத்தினதும் நான்தான்."

"ஏன்க்கா?"

"முன்னாடி குலுக்கல் ஒழுங்காத்தான் நடந்துது. ஒருத்தருக்கு விழும், போற வழியிலேயே தலைவலி வந்துடும். அடுத்த வாரம் இன்னொருத்தர் வீட்டுக்கு விருந்தாளி வந்துடுவாங்க. அண்ணன் வாசலையே பாத்துக்கிட்டுக் கிடப்பார். அண்ணி வெளிய கிளம்பத் தயாரா நின்னுட்டு, செருப்பைக் கழட்டிட்டு உள்ள போயிடுவாங்க. ஒருநாள் சொல்லி அழுதாங்க. எனக்கு மனசு கேக்கல."

"நானே போறேன்னு சொல்லியிருக்கலாமே?"

"சொல்லலாம். உங்களையெல்லாம் குத்திக் காட்டின மாதிரி ஆயிடும். ஒவ்வொருத்தரா வர்றதை நிறுத்திடுவீங்க. அப்புறம் அண்ணனுக்குப் புதிருக்கு நான் எங்க போவேன்?"

வக்கீல் தொண்டையைக் கனைத்தார். "எனக்கு லேசா ஒரு சந்தேகம் இருந்துது..."

"இருந்தும் ஏன் சார் கேக்கல?"

வக்கீல் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். எங்கெங்கோ ஒளித்துவைத்த ரகசியத்தையெல்லாம் உடைக்கிற கூட்டம், மேஜைமேல் கிடந்ததை மட்டும் தொடவில்லை. தொடாமல் இருந்தது சௌகரியமாக இருந்தது, அவ்வளவுதான்.

வாத்தியாருக்குக் கண் கலங்கியது. "இனிமே இது நடக்கக் கூடாதுக்கா. அவர் நம்ம எல்லாருக்கும் அண்ணன். இன்னிக்கே, இப்பவே ஒழுங்கா குலுக்குவோம். யாருக்கு விழுந்தாலும் சரி, சாக்கு சொல்லாம போகணும்."

"வேணாம் தம்பி."

"வேணும்க்கா. நியாயம்னு ஒண்ணு இருக்கில்ல?"

அக்கா கைப்பையைத் துழாவிப் பழைய பொத்தான்களை எடுத்துப் போட்டார். வக்கீலுக்குக் கறுப்பு, கடைக்காரருக்கு வெள்ளை, வாத்தியாருக்கு நீலம், தனக்குச் சிவப்பு.

வாத்தியார் பையைத் தானே குலுக்கினார். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு கையை விட்டு ஒன்றை எடுத்தார். விரலை லேசாகப் பிரித்து உள்ளே பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சிவப்பு," என்றார். "பாத்தீங்களா, ரேண்டம்னா இப்படியும் விழும்."

கையைத் திறந்து காட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. வக்கீல் பெருமூச்சு விட்டார். கடைக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அக்கா மட்டும் வாத்தியாரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

மூடிய கைக்குள் வாத்தியார் இறுக்கிப் பிடித்திருந்தது நீலப் பொத்தானை.